சீனி வியாதியும் கண்ணும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் சீனி (நீரிழிவு) கிளினிக்குக்கு வருகிறவர்களும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கிளினிக் நாளில் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச டொக்டருக்கு நேரம் கிடைப்பதில்லை. அங்கே கேட்க விட்டுப்போனதை இங்கே ஆறுதலாகப் படியுங்கள். உங்கள் கண்ணை நேரில் பார்த்த டொக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

சீனி இரத்தத்தில்தானே இருக்கிறது? அது எப்படிக் கண்ணைப் பிடிக்கிறது?

கண்ணின் உள்பக்கச் சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. வெளிச்சம் அதில் விழுந்து, அங்கிருந்துதான் மூளைக்குச் செய்தி போகிறது. அந்தப் படலத்துக்கு இரத்தம் கொடுப்பவை மயிரைவிட மெல்லிய நாளங்கள். வருடக்கணக்காகச் சீனி கூடிய இரத்தம் ஓடினால் அந்த நாளங்களின் சுவர் பழுதாகிவிடும். லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய குழாயைப் பார்த்திருப்பீர்கள்: ஓரிடத்தில் கசியும், இன்னோரிடத்தில் அடைத்துக்கொள்ளும். கண்ணுக்குள்ளும் அப்படித்தான்.

கசிந்த நீர் விழித்திரையின் நடுப்பகுதியில் தேங்கினால் அந்த இடம் வீங்கிப் பார்வை மங்கும். ஒருவரின் முகம் பார்ப்பதும், எழுத்துப் படிப்பதும், ஊசியில் நூல் கோர்ப்பதும் அந்த நடுப்பகுதியால்தான். அடைத்துக்கொண்ட இடத்துக்கு இரத்தம் போகாதபோது கண் புதிதாக நாளங்களை வளர்க்கப் பார்க்கும். அவற்றுக்குப் பலம் கிடையாது. எந்த நேரமும் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டலாம். அப்புறம் அங்கே தழும்பு கட்டி, விழித்திரையையே சுவரிலிருந்து இழுத்துப் பிரித்துவிடும்.

இதுதான் நீரிழிவு விழித்திரை நோய். கொப்பியில் டி.ஆர். என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சீனி உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு விழித்திரையில் ஏதாவது பாதிப்பு இருக்கிறது. பத்தில் ஒருவருக்கு அது பார்வையைப் பறிக்கக்கூடிய கட்டத்தில் இருக்கிறது.

எனக்கு நன்றாகத்தான் கண் தெரிகிறது. நான் ஏன் காட்ட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இந்த நோய்க்கு வலி இல்லை. கண் சிவக்காது, நீர் வடியாது, உறுத்தாது. கசிவு நடுப்பகுதிக்கு வராதவரை, சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை நீங்கள் வாசித்துவிடுவீர்கள். புது நாளங்கள் முளைத்து, நாளைக்கே இரத்தம் கசியக்கூடிய நிலையில் இருக்கும் கண்ணாலும்கூட வாசிக்கலாம். அதனால் “தெரிகிறதா, தெரியவில்லையா” என்பதை வைத்து இந்த நோயைக் கண்டுபிடிக்கவே முடியாது. கண்ணின் நடுவில் உள்ள கறுப்பு வட்டமான பாப்பாவை மருந்து விட்டு விரித்து உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

சிகிச்சை நன்றாக வேலை செய்வதும் பார்வை கெடுவதற்கு முன்னால்தான். விழித்திரையில் வெளிச்சப் புள்ளிகளை அடிக்கும் லேசர் சிகிச்சையின் வேலை இருக்கிற பார்வையைக் காப்பாற்றுவது. போனதைப் பெரும்பாலும் திருப்பித் தராது. மங்கின பிறகு வரலாம் என்று இருப்பவர்கள் சிகிச்சையின் பெரிய பலனைத் தவறவிட்டுத்தான் வருகிறார்கள்.

இது சரிசெய்யவே முடியாத விதி என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2003 முதல் சீனி உள்ளவர்களின் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்கும் தேசியத் திட்டம் ஒன்று நடக்கிறது. உழைக்கும் வயதினர் பார்வை இழப்பதற்கு அங்கே பல பத்தாண்டுகளாக முதல் காரணமாக இருந்தது சீனிக் கண் நோய்தான். 2009-10 கணக்கில் அது அந்த முதலிடத்தை விட்டு இறங்கியது. வருடாந்தப் பரிசோதனையும் மேம்பட்ட சீனிக் கட்டுப்பாடும் சேர்ந்து செய்த வேலை அது என்றே அந்தக் கணக்கை எடுத்தவர்கள் கருதினார்கள். வருடத்துக்கு ஒரு தடவை கண்ணுக்குள் பார்ப்பதற்கு அவ்வளவு பெறுமதி இருக்கிறது.

அப்படியென்றால் அறிகுறியே கிடையாதா?

பிந்தி வரும் அறிகுறிகள் உண்டு. நடுப்பகுதி வீங்கினால் நேர்க்கோடுகள் வளைந்து தெரியும், எழுத்துகள் கலங்கும். கொழுந்து எடுக்கிற பெண்களிடம் இது மலையில்தான் முதலில் வெளிப்படும். இரண்டு இலையும் மொட்டும் பார்த்து ஒடித்த கை அதே வேகத்தில்தான் ஓடும். ஆனால் கூடையில் முற்றல் இலை கலந்திருக்கும், நிறுவையில் கழிவு கூடும், “என்ன அக்கா, இலை பார்த்து எடுக்கிறதில்லையா?” என்று கங்காணி சத்தம் போடுவார். வயதாகிவிட்டது, அசதி என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டில் சீனி உள்ள ஒருவருக்குக் கொழுந்தின் தரம் திடீரென்று குறைந்தால், மாலையில் லயத்துப் படிக்கட்டில் கால் தடுமாறினால், அரிசியில் கல் பொறுக்க முடியாமல் போனால், கண்ணைக் காட்டுங்கள்.

கண் முன்னால் திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன. அடுத்த கிளினிக் வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். புள்ளிகள் கூட்டமாகக் கொட்டினாலும், ஒட்டடை மாதிரி மிதந்தாலும், ஒரு பக்கத்தில் திரை இறங்கினாலும், மின்னல் அடித்தாலும் அன்றைக்கே கண் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம் அல்லது விழித்திரை பிரிந்திருக்கலாம். போய்ச் சேரும்வரை தலையை உயர்த்தியே வைத்திருங்கள். விறகுக்கட்டு, கொழுந்துக்கூடை எதையும் தூக்க வேண்டாம்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்?

நடுவயதில் வருகிற வழக்கமான சீனி என்றால், சீனி இருக்கிறது என்று சொன்ன உடனேயே முதல் பரிசோதனை. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. பாதிப்பு தொடங்கியிருந்தால் ஆறு மாதம், மூன்று மாதம் என்று டொக்டர் நெருக்கமாகக் கூப்பிடுவார். சின்ன வயதிலேயே இன்சுலினில் தொடங்கும் சீனியாக இருந்தால், வந்து ஐந்து வருடத்துக்குள் முதல் பரிசோதனை.

“நேற்றுத்தான் சீனி என்று சொன்னார்கள், அதற்குள் கண்ணா?” என்று கேட்பார்கள். நேற்றுக் கண்டுபிடித்த சீனி நேற்று வந்ததாக இருக்காது. 2005-06இல் இலங்கையில் எடுத்த கணக்கெடுப்பில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்குச் சீனி இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. தெரியாமல் கடந்த அந்த வருடங்களிலும் கண்ணுக்குள் சேதம் நடந்துகொண்டுதான் இருக்கும்.

மாதாமாதம் சீனி கிளினிக்குக்குப் போகிறேன். கண்ணையும் அவர்களே பார்த்திருக்க மாட்டார்களா?

அநேகமாக இல்லை. சீனி கிளினிக் ஒரு நாள், கண் கிளினிக் இன்னொரு நாள். சில நேரம் வேறொரு ஊரில். சீனி கிளினிக்கில் இரத்தம் பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், மாத்திரை எழுதுவார்கள். விழித்திரையைப் பார்க்க அங்கிருந்து கடிதம் தர வேண்டும். கூட்டம் நிறைந்த நாளில் அந்தக் கடிதம் விட்டுப்போகும். டொக்டர் அனுப்பியிருப்பார் என்று நோயாளி நினைப்பார், நோயாளி ஏற்கெனவே போய்வந்திருப்பார் என்று டொக்டர் நினைப்பார். இப்படியே வருடங்கள் ஓடிவிடும். மலையகத்தில் பார்வை போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் என்பது என் எண்ணம்.

உங்கள் கிளினிக் கொப்பியை இப்போதே எடுத்துப் பாருங்கள். கடந்த ஒரு வருடத்துக்குள் “கண்” பற்றி ஒரு பதிவாவது இருக்கிறதா? ஆங்கிலத்தில் இருந்தால் படித்த பிள்ளையிடம் காட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை டொக்டரிடமோ மிஸ்ஸிடமோ (தாதியிடமோ) இதை மட்டும் சொல்லுங்கள்: “எனக்குச் சீனி வந்து இத்தனை வருடம். விழித்திரை இன்னும் பார்க்கவில்லை. கண் கிளினிக்குக்கு ஒரு கடிதம் தாருங்கள்.” கேட்டால் தருவார்கள். கண் பிரிவு எங்கே பக்கம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குத்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள். அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை. அது 1906 முதல் இயங்கி வருகிறது.

சிங்களத்தில் சொல்வது எனக்கு விளங்குவதில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

தலையாட்ட வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. விளங்கவில்லை என்று சொல்வது உங்கள் உரிமை. தமிழ் தெரிந்த ஒருவர் வார்ட்டிலோ மருந்து கொடுக்கும் இடத்திலோ இருப்பார், கூப்பிடச் சொல்லுங்கள். வெளியே வருவதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: கண்ணுக்குள் பாதிப்பு இருக்கிறதா, இரண்டு கண்ணிலுமா, மறுபடி எப்போது வர வேண்டும்.

ஒரு நாள் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறதே?

உண்மைதான். விடிவதற்கு முன் எழும்பி, பஸ்ஸுக்கு இறங்கி, வரிசையில் நின்று, இருட்டும்போது வீடு வருகிற ஒருவரிடம் “ஆஸ்பத்திரி இலவசம்தானே” என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பஸ் காசும், போன பேரும், கூட வந்த மகனின் பேரும் இலவசம் இல்லை. செய்யக்கூடியது: சீனி கிளினிக் நாளும் கண் கிளினிக் நாளும் ஒரே ஆஸ்பத்திரியில் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் அல்லது அடுத்தடுத்த நாளில் போடச் சொல்லிக் கேளுங்கள். போன நாளுக்கு ஆஸ்பத்திரித் துண்டு வாங்கிக்கொண்டு வந்து தோட்ட அலுவலகத்தில் காட்டுங்கள். தோட்டக் கமிட்டிகளும் சங்கங்களும் நினைத்தால் ஒரு வான் பிடித்து, சீனி உள்ள பத்துப் பேரை ஒன்றாகக் கண் கிளினிக்குக்கு அனுப்பலாம். சம்பளத்துக்கு அடுத்து அவர்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

கோயில் மண்டபத்தில் கண் முகாம் வைத்து மூக்குக்கண்ணாடி தந்தார்கள். அது போதாதா?

எழுத்துப் பலகையைக் காட்டிக் கண்ணாடி கொடுக்கும் முகாமில் விழித்திரையைப் பார்ப்பதில்லை. பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள். விடவில்லை, உள்ளே படமும் எடுக்கவில்லை என்றால் உங்கள் சீனிக் கண் பரிசோதனை இன்னும் நடக்கவில்லை.

இன்னொன்று: சீனி ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் மாறும், அதனால் கண்ணாடியின் பவரும் மாறும். சீனி 300க்கு மேல் நிற்கும் நாளில் எடுத்த கண்ணாடி, சீனி இறங்கியதும் உதவாது. சில வாரம் சீனி ஒரு நிலையில் நின்ற பிறகு கண்ணாடி எடுத்தால் காசு வீணாகாது.

சொட்டு மருந்து விட்டால் கண் தெரியாமல் போய்விடும் என்கிறார்களே?

சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் உள்ளது மங்கும், வெளிச்சம் கூசும். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். அன்றைக்கு மோட்டார் சைக்கிள், த்ரீவீலர் ஓட்ட வேண்டாம், மலைப்பாதையில் கட்டாயம் வேண்டாம். தொப்பியோ குடையோ கொண்டு போங்கள். துணைக்கு ஒருவர் வந்தால் நல்லது. சாப்பிட்டுவிட்டே போகலாம், இந்தப் பரிசோதனைக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பட்டினியோடு மாத்திரையும் போட்டு, வரிசையில் சீனி இறங்கி மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

அப்பா காலில் புண்ணோடு வார்ட்டில் இருக்கிறார். இப்போது கண்ணைப் பற்றிக் கேட்கலாமா?

இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. காலில் ஆறாத புண் வரும் அளவுக்குச் சீனி வேலை செய்திருந்தால், கண்ணிலும் சிறுநீரகத்திலும் அது கைவைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சிறுநீரில் புரதம் போகிறது என்று சொல்லியிருந்தாலும் அப்படியே. அவர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறார். பஸ் தேவையில்லை, பேர் போவதில்லை. கண் பிரிவு அதே ஆஸ்பத்திரியில் இருந்தால், வார்ட் டொக்டர் சுற்றி வரும்போது “கண்ணையும் காட்ட முடியுமா, டொக்டர்?” என்று கேளுங்கள். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் கேளுங்கள். வீட்டுக்குப் போன பிறகு புண்ணுக்கு மருந்து கட்டுவதிலேயே மாதங்கள் போய்விடும், கண்ணை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

பக்கத்து லயத்து மாமாவுக்கு இன்சுலின் போட்ட பிறகுதான் கண் போனது. இன்சுலின் கண்ணைக் கெடுக்குமா?

இந்தப் பயத்தால் இன்சுலினை மறுத்து, கண்ணையும் காலையும் சேர்த்து இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாத்திரையால் கட்டுப்படாத பிறகுதான் பலருக்கு இன்சுலின் தொடங்குகிறார்கள். அதற்குள் பத்து, பதினைந்து வருடம் கூடின சீனி கண்ணுக்குள் வேலையை முடித்திருக்கும். இன்சுலினும் பார்வை மங்குவதும் ஒரே காலத்தில் வருவதால், பழி இன்சுலின் மேல் விழுகிறது.

இதில் ஒரு உண்மையும் இருக்கிறது. நீண்ட காலம் மிக உயரத்தில் இருந்த சீனியைச் சடாரென்று இறக்கும்போது, ஏற்கெனவே கண் நோய் உள்ள சிலருக்கு முதல் சில மாதம் அது கூடலாம். இது டொக்டர்மாருக்குத் தெரிந்த விஷயம்தான். அதனால்தான் இன்சுலின் தொடங்குவதற்கு முன் அல்லது தொடங்கும்போதே விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்கிறோம். இன்சுலினை நிறுத்துவது அதற்கு மருந்தல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், இன்சுலினால் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில் கண் நோய் புதிதாக வருவது 76 வீதம் குறைந்தது. அந்த ஆய்விலும் தொடக்கத்தில் சிலருக்குக் கண் நோய் கூடியது. ஆனால் வருடங்கள் போகப் போக லாபம் அவர்களுக்குத்தான்.

சோறு விட்டுவிட்டேன், ரொட்டிதான் சாப்பிடுகிறேன். சீனிக்குப் பதில் கருப்பட்டி. இனிக் கண் தப்புமா?

கோதுமை மா ரொட்டியும் சோற்றைப் போலவே சீனியாகத்தான் மாறும். வெள்ளை மாவில் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய கனத்த ரொட்டி இரண்டு, ஒரு பெரிய கோப்பைச் சோற்றுக்குக் குறைந்ததில்லை. கித்துள் கருப்பட்டியும் சர்க்கரைதான். பிளேன்டீயோடு நாளுக்கு ஐந்து தடவை ஒரு துண்டு கடித்தால், அது சேர்ந்துவிடும். சோறோ ரொட்டியோ, அளவைக் குறைத்து, பருப்பும் கீரையும் கூட்டுங்கள்.

சீனியை மட்டும் பார்த்தாலும் போதாது. பிரஷர் கூடினால் அந்த மெல்லிய நாளங்கள் இன்னும் வேகமாகப் பழுதாகும். பிரித்தானியாவில் நடந்து 1998இல் முடிவு வந்த ஆய்வில், பிரஷரை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண் நோய் முற்றுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆகவே கருவாடு, ஊறுகாய், உப்புச் சம்பல் இவற்றிலும் கையைக் கட்டுங்கள். பிரஷர் மாத்திரையைத் தலை சுற்றும் நாளில் மட்டும் போடும் பழக்கத்தை விடுங்கள். சிகரெட், பீடி, சுருட்டு வேண்டவே வேண்டாம்.

லேசர் அடித்தால் கண் வெந்துவிடுமா?

மரத்துப்போகச் சொட்டு விட்டு, கண்ணின் மேல் ஒரு வில்லையை வைத்து, வெளிச்சப் புள்ளிகளை விழித்திரையின் ஓரப்பகுதிகளில் அடிப்பார்கள். பெரும்பாலும் ஒரு கண்ணுக்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டும். சிலருக்குக் குத்துகிற மாதிரி வலிக்கும். சொன்னால் டொக்டர் நிறுத்திக் கொடுப்பார். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். இரத்தம் போகாமல் தவிக்கும் ஓரப்பகுதியை அடக்கி, புது நாளங்கள் வளராமல் செய்வதுதான் இதன் வேலை. இருட்டில் பார்வை கொஞ்சம் குறையலாம், ஓரப்பார்வை சற்றுச் சுருங்கலாம். இரவில் த்ரீவீலர் ஓட்டுகிறவர் இதை முன்கூட்டியே டொக்டரிடம் பேச வேண்டும். ஆனால் அடிக்காமல் விட்டால் வரும் நட்டத்தோடு பார்க்கையில் இது சின்னது. 1976இல் வெளியான அமெரிக்க ஆய்வே, பார்வை கடுமையாகப் போவதை லேசர் அரைவாசிக்கும் கீழாகக் குறைக்கிறது என்று காட்டிவிட்டது.

“அடித்தும் பார்வை கூடவில்லையே” என்று இரண்டாவது தடவைக்கு வராமல் நிற்கிறவர்கள் அநேகம். இருக்கிற பார்வை அப்படியே இருந்தால் லேசர் வேலை செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம். தயவுசெய்து மீதித் தடவைகளுக்கும் போங்கள்.

கண்ணுக்குள் ஊசியா?

கேட்கவே பயமாக இருக்கும். மரக்கச் செய்த பிறகு, வெள்ளைப் பகுதி வழியாக மிக மெல்லிய ஊசியால் சில நொடியில் போட்டுவிடுவார்கள். நடுப்பகுதி வீக்கத்துக்கு இன்று இதுதான் முக்கிய மருந்து. லேசரைப் போல இல்லாமல், பலருக்குப் பார்வையைக் கொஞ்சம் திருப்பியும் தரும். ஒன்றோடு முடியாது. தொடக்கத்தில் மாதத்துக்கு ஒன்றாகச் சில மாதம் போக வேண்டியிருக்கும்.

பெவசிசுமாப், ரனிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் என்று மூன்று மருந்து பாவனையில் இருக்கிறது. பெவசிசுமாப் முதலில் குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து. விலை மிகக் குறைவு என்பதால் உலகம் முழுக்கக் கண்ணுக்கும் போடுகிறார்கள். துண்டில் புற்றுநோய் மருந்தின் பெயரைப் பார்த்துப் பதறி ஓடிவர வேண்டாம். 2015இல் வெளியான ஒப்பீட்டில், பார்வை லேசாகக் குறைந்தவர்களுக்கு மூன்றும் ஒரே அளவு பலன் தந்தன. அதிகம் குறைந்தவர்களுக்கு முதல் வருடத்தில் அஃப்லிபெர்செப்ட் கூடுதலாக உதவியது.

ஊசி போட்ட சில நாளுக்குள் வலி கூடினால், கண் சிவந்து பார்வை இறங்கினால், இரவு பகல் பார்க்காமல் உடனே போங்கள். அபூர்வம்தான், ஆனால் கிருமித் தொற்று என்றால் மணிக்கணக்கு முக்கியம்.

கொழும்பில் கண்ணுக்குள் ஒப்பரேஷன் என்கிறார்கள். முடிந்ததும் கோச்சியில் வீட்டுக்கு வரலாமா?

மலையகத்தில் வாழ்கிற எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. ஆனால் இதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

கண்ணுக்குள் கொட்டின இரத்தத்தையும் தழும்பையும் எடுத்துவிட்டு, பிரிந்த விழித்திரையைச் சுவரோடு ஒட்டவைக்கச் சிலருக்கு உள்ளே வாயுவை நிரப்புவார்கள். அது மெல்ல மெல்லக் கரைந்து போகும். வாயு உள்ளே இருக்கும்போது உயரமான இடத்துக்கு ஏறினால், வெளியே காற்றழுத்தம் குறையும், உள்ளே வாயு விரியும். கண்ணுக்கு விரிய இடமில்லை. அழுத்தம் ஏறி, கடுமையான வலியும் வாந்தியும் வந்து, கண்ணுக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு, ஒப்பரேஷனில் காப்பாற்றிய பார்வை வழியிலேயே நிரந்தரமாகப் போய்விடலாம். அதனால்தான் விமானத்தில் ஏறக்கூடாது என்று எல்லா நோயாளிக்கும் சொல்வார்கள். மலைக்கு ஏறக்கூடாது என்பது சிலவேளை சொல்ல விட்டுப்போகும்.

கொழும்பு கடல் மட்டத்தில் இருக்கிறது. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். பதுளைக் கோச்சி பட்டிப்பொலவில் 1,890 மீற்றருக்கு மேல் ஏறித்தான் இறங்குகிறது. ஆகவே பதுளை தாழ்வுதானே என்று அந்த வழியில் போவதும் ஆபத்து. கண்டியில் செய்துகொண்டாலும், கண்டி ஏறக்குறைய 500 மீற்றர்தான். அங்கிருந்து நுவரெலியாவுக்கு இன்னும் 1,300 மீற்றருக்கு மேல் ஏற்றம்.

என்ன செய்வது? ஒப்பரேஷனுக்கு முன்னாலேயே டொக்டரிடம் “நான் மலையில் இருக்கிறவன், எங்கள் ஊர் இவ்வளவு உயரம்” என்று சொல்லுங்கள். அட்டையில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் அது எந்த உயரத்தில் என்று கொழும்பில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் டொக்டர் வாயுவுக்குப் பதில் சிலிக்கன் எண்ணெய் போடலாம். அது உயரத்தில் விரியாது, ஆனால் பிறகு அதை எடுக்க இன்னொரு ஒப்பரேஷன் தேவைப்படும். வாயுதான் வேண்டும் என்றால், கரையும்வரை கீழே தங்க இடம் பாருங்கள். வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு மூன்று வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். கரைந்துகொண்டு வருவது உங்களுக்கே தெரியும்: பார்வைக்குள் ஆடுகிற ஒரு கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கும். முழுதாகக் கரைந்துவிட்டது என்று டொக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். இதற்கிடையில் வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், கண்ணுக்குள் வாயு இருப்பதை அங்கேயும் சொல்லுங்கள். சில மயக்க வாயுக்களும் அதை விரியச் செய்யும்.

வாயு போடாத ஒப்பரேஷன்களும் உண்டு. “உள்ளே காஸ் போட்டீர்களா?” என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

இலங்கை உலகத்துக்கே கண் கொடுக்கிறது. அம்மாவுக்கு ஒரு கண் மாற்றி வைக்க முடியாதா?

டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான சங்கம் இங்கிருந்து எத்தனையோ நாடுகளுக்குக் கண் அனுப்பியிருக்கிறது. நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் மாற்றி வைப்பது கண்ணின் முன்பக்கத்தில் உள்ள தெளிவான கருவிழிப் படலத்தை மட்டும்தான். சீனி கெடுப்பது பின்பக்கத்து விழித்திரையை. அதை மாற்றி வைக்கும் சிகிச்சை இன்று எங்கும் கிடையாது. “கண் மாற்றித் தருகிறோம்” என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கண்ணில் பூ விழுந்திருக்கிறது, எடுத்தால் சரியாகிவிடுமா?

சீனி உள்ளவர்களுக்குக் கண்புரை சீக்கிரம் வரும். அதை எடுப்பது நல்லதுதான். ஆனால் விழித்திரையும் கெட்டிருந்தால், புரை எடுத்த பிறகும் மங்கலாகவே இருக்கும். அதனால் முதலில் உள்ளே பார்க்க வேண்டும்.

கர்ப்பமாக இருக்கும் மகளுக்குச் சீனி. கண்ணைக் காட்ட வேண்டுமா?

கர்ப்பத்துக்கு முன்பே சீனி இருந்தால் கட்டாயம். முதல் மூன்று மாதத்துக்குள் பார்க்க வேண்டும், கர்ப்பத்தில் கண் நோய் வேகமெடுக்கும். கர்ப்பத்தில் மட்டும் வந்த சீனி என்றால் பொதுவாகத் தேவையில்லை. பிள்ளை பெற்ற பிறகு சீனி போய்விட்டதா என்று மட்டும் மறக்காமல் பாருங்கள்.

நாட்டு மருந்து?

கண்ணுக்குள் தேன், தாய்ப்பால், இலைச்சாறு எதையும் விடாதீர்கள். விழித்திரைக்கு அது போய்ச் சேராது, கிருமிதான் சேரும். கொத்தலஹிம்புட்டுக் கோப்பைத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு குடிக்கிறவர்கள் டொக்டரிடம் சொல்லுங்கள். அவை சீனியை ஓரளவு இறக்கக்கூடியவை என்பதால் மாத்திரையோடு சேர்ந்து அளவுக்கு மீறி இறங்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அம்மாவுக்கு ஏற்கெனவே நிறையப் பார்வை போய்விட்டது. இன்சுலினை அவரே போட்டுக்கொள்கிறார்.

சிரிஞ்சை ஒரு தடவை நீங்களே லயத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோடுகள் எவ்வளவு நெருக்கம் என்று தெரியும். மங்கின கண்ணுக்கு 12ம் 22ம் ஒன்றுதான். கூடிப்போனால் இரவில் சீனி இறங்கி மயங்கிவிடுவார். அளவு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்க வேண்டும். பகலில் ஆளில்லை என்றால் நேரத்தை மாற்ற முடியுமா, கிளிக் சத்தத்தை எண்ணிப் போடும் பேனா ஊசி கிடைக்குமா என்று கிளினிக்கில் கேளுங்கள். அவருடைய கால்களையும் தினமும் வேறொருவர்தான் பார்க்க வேண்டும். அவருக்குக் காலில் உணர்வும் குறைந்திருக்கும், புண்ணைக் கண்ணாலும் காண மாட்டார். மீதிப் பார்வையைக் காப்பாற்ற இன்னும் கண் கிளினிக்குக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இனி என்ன இருக்கிறது என்று நிறுத்தாதீர்கள். கதவு எது, ஆள் யார் என்று தெரிகிற அளவுப் பார்வையும் ஒரு மனுஷிக்குப் பெரிது.

அம்மாவுக்கு இருந்தால் எனக்கும் வருமா?

சீனி குடும்பத்தில் ஓடும். வந்தே தீரும் என்றில்லை, வாய்ப்பு அதிகம். 35 வயதைத் தாண்டியவர்கள் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ விசாரித்தால், சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கும் நாள் எது என்று சொல்வார்கள். அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிற நாளில் உங்களுக்கும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அங்கேயே கேளுங்கள்.